மதில்மேல் இருப்பது பூனையா, வீட்டாரா?

இந்த வாரத் தபாலில் அத்திபெலேயின் ஒரே வீட்டிலிருந்து ஐந்து கடிதங்கள். நான்கு பேர் எழுதியவை. மகள் எழுதியது தாய்க்குத் தெரியாது, தாய் எழுதியது மாமியாருக்குத் தெரியாது, மாமியார் எழுதியது மகனுக்குத் தெரியாது. இந்தப் பக்கம் அச்சானதும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். தெரியட்டும். தீபாவளி இரவு வெடிச்சத்தத்துக்குப் பயந்து, திறந்திருந்த வாசல்வழியே ஓடிவந்து கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் ஒளிந்த ஒரு சாம்பல்நிறத் தெருப்பூனையைப் பற்றித்தான் நால்வரும் கேட்கிறார்கள். அதனால் இந்த வாரப் பக்கம் முழுவதும் பூனைக்கு. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களின் பூனைக் கேள்விகளையும் சேர்த்துக்கொண்டேன்.

ஏழாம் வகுப்பு மாணவி, அத்திபெலே

கே: தீபாவளிக்கு வந்த பூனை இன்னும் எங்க வீட்லதான் இருக்கு. கிறிஸ்துமஸ் லீவு முடியறதுக்குள்ள அம்மாவைச் சம்மதிக்க வைக்கணும். ஒரு ஐடியா சொல்லுங்க.

ப: அம்மா பூனையை வேண்டாம் என்று சொல்லவில்லை கண்ணு. பூனையோடு சேர்ந்து வருகிற வேலையைத்தான் வேண்டாம் என்கிறார். நாளைக் காலையிலிருந்து மணல் தட்டை நீ சுத்தம் செய். காலையில் ஒருதரம், மாலையில் ஒருதரம். யாரும் சொல்லாமல், யாரிடமும் சொல்லிக்காட்டாமல். பதினைந்து நாள் ஒருநாள்கூட விடாமல் செய்த பிறகு அம்மாவிடம் போய்க் கேள். நடுவில் உன்னால் முடியாமல் போனால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடு. அம்மா முடிவெடுக்க அவருக்கு அது தெரிய வேண்டும்.

அந்த மாணவியின் தாய், அத்திபெலே

கே: மகளுக்குக் கொள்ளை ஆசை. கணவர் வாயே திறக்கவில்லை. மாமியாருக்குப் பிடிக்கவில்லை. நான் மதில்மேல் பூனையாக இருக்கிறேன். வைத்துக்கொள்ளலாமா, வேண்டாமா?

ப: பூனை மதிலைவிட்டு இறங்கி உங்கள் சமையலறைக்கு வந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. இன்னும் மதில்மேல் இருப்பது நீங்கள் நாலு பேரும்தான்.

முதலில், அதற்கு ஏற்கெனவே ஒரு வீடு இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் தெருவில் பூனை என்று கேட்டால் ஒரு வீட்டுக்கும், பெக்கு என்று கேட்டால் இன்னொரு வீட்டுக்கும், பில்லி என்று கேட்டால் மூன்றாவது வீட்டுக்கும் புரியும். மூன்று மொழியிலும் கேட்டுவிடுங்கள். பிறகு ஒரு காகிதப் பட்டையில் ‘இது உங்கள் பூனையா?’ என்று எழுதி, உங்கள் தொலைபேசி எண்ணையும் போட்டு, இழுத்தால் கிழிகிற மாதிரி கழுத்தில் தளர்வாக ஒட்டிவிட்டு வெளியே விடுங்கள். யாராவது வளர்ப்பதாக இருந்தால் ஓரிரு நாளில் தெரிந்துவிடும். ஒரு காதின் நுனி நேராக வெட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வெட்டப்பட்டிருந்தால் யாரோ பிடித்துக் கருத்தடை செய்து திரும்பவிட்ட பூனை. பெரிய செலவு ஒன்று மிச்சம்.

யாரும் உரிமை கேட்கவில்லை என்றால், அடுத்து நாள்காட்டியைப் பாருங்கள். இப்போது வீடு நிறைய ஆள் இருக்கிறது, லீவு, பலகாரம், எல்லாருக்கும் நேரம் இருக்கிறது. இந்தச் சமயத்தில் எந்தப் பிராணியும் லேசாகத்தான் தெரியும். நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டியது ஜூன் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமையை. மழை, மகளுக்குப் பள்ளி வேன், கணவருக்கு முதல் ஷிப்டு, பூனை சோபாவில் வாந்தி எடுத்து வைத்திருக்கிறது. அந்தக் காலையிலும் இது நம் வீட்டுப் பூனை என்று சொல்ல முடியுமா? வீட்டுக்குள் வளரும் பூனை பன்னிரண்டு, பதினைந்து வருஷம் இருக்கும். ஏழாம் வகுப்பில் இருக்கிற உங்கள் பெண் படிப்பு முடித்து வேலைக்குப் போய்விடுவாள், அப்போதும் இது உங்கள் காலைச் சுற்றிக்கொண்டிருக்கும்.

செலவு முதல் வருஷத்தில்தான் கனமாக இருக்கும். உடனே கால்நடை டாக்டரிடம் காட்டிப் பூச்சிமருந்து கொடுங்கள். பூனைகளைக் கொத்துக்கொத்தாகக் கொல்லும் பான்லூகோபீனியாவுக்கும் பூனைச் சளிக்காய்ச்சலுக்கும் சேர்த்து ஒரு தடுப்பூசி உண்டு. அதைக் குட்டிக்கு எட்டு வாரத்தில் தொடங்கி மூன்று நான்கு வார இடைவெளியில் திரும்பப் போடுவார்கள். மூன்று மாதம் தாண்டினால் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. பெரிய பூனை என்றால் கணக்கு மாறும், டாக்டர் சொல்வார். அதன்பின் கருத்தடை.

என் கருத்தைக் கேட்கிறீர்கள். வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். அத்திபெலே தேசிய நெடுஞ்சாலை 44-இன் மேல் இருக்கிற ஊர். ஒசூருக்கும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் நடுவே இரவெல்லாம் கன்டெய்னர் லாரி ஓடுகிற சாலை அது. பழக்கிவிட்ட பூனையை அந்தச் சாலைக்கு அனுப்பாதீர்கள்.

பெயர் வேண்டாம் என்று எழுதியவர், ஜூஜூவாடி

கே: தொல்லை தாங்கவில்லை. சாக்கில் கட்டி எல்லை தாண்டிக் கொண்டுபோய் விட்டால் திரும்பி வருமா?

ப: வராமல் போகலாம். பழகிய இடம், தண்ணீர் இருக்கும் மூலை, ஒளியும் சந்து எதுவும் தெரியாத இடத்தில், அங்கே ஏற்கெனவே இருக்கிற பூனைகள் விரட்ட, பசியில் சாகும். நீங்கள் தாண்டுகிற எல்லை மாநிலங்களுக்குத்தான், சட்டத்துக்கு இல்லை. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நாடு முழுவதற்கும் பொருந்தும். வளர்த்த பிராணியைப் பசியில் தவிக்கவிட்டு வருவதை அதன் 11-ஆம் பிரிவு குற்றம் என்கிறது. கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் விடாமல் போராடியதால் வந்த சட்டம் அது. 1962-இல் அமைந்த விலங்குநல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவர். முதல் தடவைக் குற்றத்துக்கு அந்தச் சட்டம் வைத்திருக்கும் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. இத்தனை வருஷமாகியும் அந்த ஐம்பது ஐம்பதாகவே இருப்பதில் எனக்கு ஆற்றாமை உண்டு. கொன்றாலோ ஊனமாக்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் ஐந்து வருஷம் வரை சிறை. தொல்லை என்ன என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் அது இரவில் கத்துவதாகவும் மூலையில் மூத்திரம் தெளிப்பதாகவும் இருக்கும். இரண்டும் கருத்தடையில் பெருமளவு அடங்கும். சாக்கு வேண்டாம், ஒரு கூடை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

மாணவியின் பாட்டி, அத்திபெலே

கே: குறுக்கே போனாலே ஆகாது என்பார்கள், வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வதா? நாங்கள் சைவம் வேறு. எங்கள் காலத்துப் பூனையெல்லாம் தயிர்சாதம் தின்றுதான் வளர்ந்தது. மீன், கறி இந்த வீட்டு அடுப்பில் ஏறாது.

ப: அம்மா, சகுனத்தை முதலில் முடித்துவிடுவோம். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்று சொல்லும் பாறையைப் பார்த்திருப்பீர்கள். தேவரும் முனிவரும் யானையும் நிறைந்த அந்தப் பாறையில் பின்னங்கால்களில் நின்று கைகளை உயர்த்தித் தவம் செய்கிற பூனை ஒன்றும் உண்டு, சுற்றிலும் எலிகள். அது பொய்த்தவம் என்பார்கள். இருக்கட்டும், கங்கை இறங்கிவரும் இடத்தில் அதற்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறான் பல்லவச் சிற்பி. வங்காளத்தில் குழந்தைகளைக் காக்கும் சஷ்டி தேவிக்குப் பூனைதான் வாகனம். உங்கள் வீட்டுப் பூனை யாருக்கும் குறுக்கே போகவில்லை, அடைக்கலம் தேடி நேராக உள்ளே வந்திருக்கிறது.

தயிர்சாதத்துக்கு வருவோம். நீங்கள் சொல்வது பொய்யில்லை. அந்தக் காலத்துப் பூனை உங்கள் கையால் தயிர்சாதம் தின்றது. அதன்பிறகு கொல்லைப்பக்கம் போய் எலி, பல்லி, ஓணான், குருவி எல்லாம் தின்றது. அதன் உயிர் நின்றது அந்த இரண்டாவது சாப்பாட்டில். நாய் நம்மோடு சேர்ந்து எதையும் தின்று பழகிக்கொண்டது. பூனை அப்படி மாறவில்லை. டாரின் என்று ஒரு சத்து உண்டு, மாமிசத்தில் மட்டும்தான் போதுமான அளவு கிடைக்கும். பூனையின் உடம்பு அதைத் தேவையான அளவுக்குத் தானே செய்துகொள்ளாது. குறைந்தால் கண் கெடும், இதயம் வீங்கித் தளரும். கடையில் விற்ற பூனைத்தீனியிலேயே டாரின் போதாமல் பூனைகள் இதயநோயில் செத்ததை 1987-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் பால் பியான் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகுதான் தீனி செய்பவர்கள் அதைக் கூட்டிச் சேர்த்தார்கள்.

ஆகவே கதவடைத்த வீட்டில் தயிர்சாதம் மட்டும் போட்டு வளர்த்தால் அது மெள்ளமெள்ளச் சாகும். உங்கள் ஆசாரத்துக்கும் வழி இருக்கிறது. உலர்ந்த பூனைத்தீனி பாக்கெட்டில் வருகிறது, வேகவைக்க வேண்டாம், உங்கள் அடுப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு டப்பாவில் போட்டு பால்கனியில் வைத்து, தனிக் கிண்ணத்தில் பேத்தியே போடட்டும். பக்கத்தில் எப்போதும் தண்ணீர். அதுவும் கூடாது என்று நீங்கள் சொன்னால் நான் வாதாட மாட்டேன், அசைவம் சமைக்கிற ஒரு வீட்டுக்கு அந்தப் பூனை போகட்டும். இங்கே இருந்து பட்டினி கிடக்க வேண்டாம்.

பாலும் வேண்டாம். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிறு போகும். பூனை என்றால் பால் என்று நாம் எல்லாரும் கதையில் படித்து வளர்ந்திருக்கிறோம், அந்தக் கதையைப் பூனையின் வயிறு படிக்கவில்லை.

கறிக்கடை ஊழியர், ஆனேகல்

கே: கடையில் மிஞ்சும் கோழிக் குடலைத் தெருப்பூனைகளுக்குப் போடுகிறேன். நல்லதுதானே?

ப: மனசு நல்லது. வேகவைத்துப் போடுங்கள். 2025 தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவில் வீட்டுப் பூனைகளுக்கே பறவைக் காய்ச்சல் வந்தது. வெந்த கறியில் எலும்பு வேண்டாம், வெந்த எலும்பு ஊசிபோல் உடைந்து தொண்டையில் குத்தும்.

நான்கு மாதக் கர்ப்பிணி, சந்தாபுரா

கே: பூனையால் கருவுக்கு ஆபத்து, உடனே வெளியே விடு என்கிறார்கள். எனக்கு முன்பே இந்த வீட்டில் இருந்த பூனை அது. கணவரோ குட்டி போட்ட பூனைபோல் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறார்.

ப: நடக்கிறவர் கையில் மணல் தட்டைக் கொடுங்கள். பயம் காரணமில்லாத பயம் இல்லை. டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி சில பூனைகளின் மலத்தில் வரும், கர்ப்பத்தில் புதிதாகத் தொற்றினால் கருவைப் பாதிக்கும். ஆனால் மலத்தில் வந்த கிருமி தொற்றும் நிலைக்கு வர குறைந்தது ஒருநாள் ஆகும். உங்கள் கணவர் தினமும் தட்டைச் சுத்தம் செய்து கைகழுவினால் அந்த வழி அடைபட்டுப்போகும். சரியாக வேகாத இறைச்சி, கழுவாத கீரை, தோட்டத்து மண் ஆகியவற்றிலிருந்து வருகிற ஆபத்துக்கே நீங்கள் அதிகம் கவனமாக இருக்க வேண்டும். உங்கள் மகப்பேறு டாக்டரிடம் இரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். பூனை இருக்கட்டும்.

பள்ளி ஆசிரியை, ஒசூர்

கே: பொங்கலுக்குப் பரணை ஒழித்தபோது மூன்று குட்டிகள், கண்கூடத் திறக்கவில்லை. தாயைக் காணோம். எடுத்து வளர்க்கலாமா?

ப: கையை எடுங்கள், தள்ளி நில்லுங்கள். வைணவத்தில் மார்ஜார நியாயம் என்று சொல்வார்கள். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும், பூனைக்குட்டியைத் தாய்தான் கவ்விக்கொண்டு போகும், தென்கலையார் சரணாகதிக்குச் சொல்லும் உவமை அது. ஆசாரியர்கள் கண்ணால் பார்த்துச் சொன்னதுதான். தாய் ஒருநேரத்தில் ஒரு குட்டியைத்தான் கவ்வ முடியும். நாலாவதைக் கொண்டுபோய் வேறிடத்தில் வைத்துவிட்டு இந்த மூன்றுக்காக வந்துகொண்டிருக்கலாம், நீங்கள் நிற்பதால் மாடிச்சுவரிலேயே தயங்கலாம். சில மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். குட்டிகள் சில்லிட்டு ஓயாமல் கத்தினால்தான் தலையிட வேண்டும். அப்போதும் முதலில் சூடு, பிறகுதான் உணவு. பசும்பால் கூடாது, பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால்மாவு வேண்டும்.

பத்து வயதில் நான் பரணிலிருந்து ஒரு குட்டியை எடுத்துச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தேன். அன்றிரவும் மறுநாள் இரவும் தாய்ப்பூனை எங்கள் ஓட்டின்மேல் நடந்து நடந்து கத்தியது. மூன்றாம் இரவு என் பாட்டி எழுந்து, என்னை எதுவும் கேட்காமல், குட்டியைக் கொண்டுபோய் மாடிப்படியில் வைத்தார். தாய் இறங்கி வந்து கவ்விக்கொண்டு போனதை நான் தூங்குவதுபோல் கிடந்து பார்த்தேன். குறைந்தது எட்டு வாரமாவது குட்டி தாயிடம் இருக்க வேண்டும் என்பதைப் பின்னால் புத்தகத்தில் படித்தபோது, அந்தச் சத்தம்தான் காதில் கேட்டது.

கல்லூரி மாணவர், பொம்மசந்திரா

கே: ஒரே ஈற்றில் கறுப்பு, வெள்ளை, செவலை என்று குட்டிகள். எப்படி?

ப: தாய் ஒன்று, தகப்பன்கள் வேறுவேறாக இருக்கலாம், பூனையில் அது நடக்கும். நிறம் எத்தனை ஆனாலும் எல்லாம் ஒரு தாய்ப்பிள்ளைகள்தான் என்பதைச் சாதி பார்ப்பவர்களுக்கு எடுத்துச் சொல்ல பாரதி ‘முரசு’ பாட்டில் பயன்படுத்திக்கொண்டார். உங்களுக்கு உபரியாக ஒரு செய்தி: மூன்று நிறமும் கலந்த பூனை கிட்டத்தட்ட எப்போதும் பெண்தான்.

இல்லத்தரசி, ஆனேகல்

கே: ஒரு ஈற்றாவது போட்ட பிறகுதான் ஆபரேஷன் செய்ய வேண்டுமாமே?

ப: அப்படி ஒரு மருத்துவ நியாயமும் இல்லை. நாலைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும், சினைக்காலம் இரண்டு மாதம்தான். இன்று ஒன்று, அடுத்த தீபாவளிக்குள் வீடு நிறையக் குட்டி. அத்தனைக்கும் வீடு தேடித்தர உங்களால் முடியுமா? ஐந்து மாதம் ஆனதும் டாக்டரிடம் பேசுங்கள். ஆண் பூனைக்கும் செய்யுங்கள், சண்டையும் ஊர்சுற்றலும் குறையும். ஹெப்பாளில் 1958-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிரிஸ்டல் ரோஜர்ஸ் 1991-இல் பெங்களூரில் தொடங்கிய கியூப்பா போன்ற அமைப்புகளும் வழிகாட்டும்.

அடுக்ககவாசி, எலெக்ட்ரானிக் சிட்டி

கே: சங்கத்தில் பெரும்பான்மை வாக்கெடுத்துப் பூனை வளர்க்கக் கூடாது என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள்.

ப: வளர்ப்பு நாயைத் தடைசெய்யும் அதிகாரம் சங்கத்துக்கு இல்லை என்று விலங்குநல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது, பூனைக்கும் அதே நியாயம்தான். அச்சிட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பொதுப் படிக்கட்டை உங்கள் பூனை அசுத்தம் செய்யாதபடி பார்த்துக்கொள்ளும் கடமை உங்களுடையது.

ஆட்டோ ஓட்டுநர், சர்ஜாபுரா

கே: பூனைக்கு உடம்பு சுடுகிறது. பாராசிட்டமால் பாதி கொடுக்கலாமா?

ப: கொடுக்கவே கூடாது. ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லப் போதும், பாதியும் விஷம்தான். அதை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது. நாய்க்கு உண்ணிக்குப் போடும் பெர்மெத்ரின் மருந்தும் அப்படித்தான். இந்த இதழைக் கீழே வைத்துவிட்டு உங்கள் ஆட்டோவிலேயே டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

ஒரு தாய், அத்திபெலே

கே: தெருப்பூனை பையனைப் பிறாண்டிவிட்டது. லேசான கீறல்தான்.

ப: இரத்தம் துளிர்க்காத கீறல் என்றாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தோலில் போடும் முறையில் அன்றும், பிறகு 3, 7, 28-ஆம் நாட்களிலும் ஊசி. கடைசி ஊசியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள், நாள்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள்.

வியாபாரி, அத்திபெலே

கே: போன தீபாவளி இதழில் பட்டாசுச் சத்தத்தில் பூனைக்குக் காது வலிக்கும் என்று எழுதினீர்கள். மனிதர்களே கருகிப்போன ஊர் எங்களுடையது. எங்களிடம் வந்து பூனையைப் பற்றிப் பேசுகிறீர்களே?

ப: உங்கள் கோபம் நியாயமானது, முழுக் கடிதத்தையும் இரண்டுமுறை படித்தேன். 2023 அக்டோபர் 7, சனிக்கிழமை, லாரியிலிருந்து பட்டாசுப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது பிடித்த தீ. அன்றே 14 பேர், பின்னர் மருத்துவமனையில் இன்னும் சிலர். அதில் பலர் தர்மபுரி மாவட்டத்துப் பிள்ளைகள், விடுமுறையில் நாலு காசு சம்பாதித்துப் படிப்புச் செலவைப் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லை தாண்டி வந்தவர்கள். அவர்கள் பக்கத்தில் ஒரு பூனையை நிறுத்தி நான் எடைபோட மாட்டேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் எல்லையோரம் கடைகள் விரிகின்றன. கிட்டங்கிக்கு எத்தனை வாசல், உரிமத்தில் எழுதிய எடைக்கு மேல் சரக்கு இருக்கிறதா, பெட்டி இறக்குகிற பையனுக்கு வயதென்ன? இதையெல்லாம் ஒவ்வொரு வருஷமும் அதிகாரிகளிடம் கேட்க வேண்டும். நீங்கள் அந்த ஊரில் கடை வைத்திருப்பவர், உங்கள் குரல் என் குரலைவிட நன்றாகக் கேட்கும். அதே ஊரில் ஒரு சிறுமி நடுங்கி வந்த உயிருக்கு சிலிண்டர் பக்கத்தில் கோணி விரித்துக் கொடுத்திருக்கிறாள். அவள் கடிதத்துக்கும் நான் பதில் எழுதத்தான் வேண்டும்.

மாணவியின் தந்தை, அத்திபெலே

கே: பொங்கலுக்கு நான்கு நாள் ஊருக்குப் போகிறோம். அதுவரை பூனையை வெளியே விட்டுவிட்டு, திரும்பி வந்து உள்ளே எடுத்துக்கொண்டால் போதாதா?

ப: வீட்டில் வாய் திறக்காதவர் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். கேள்வியிலேயே ‘திரும்பி வந்து உள்ளே எடுத்துக்கொண்டால்’ என்று எழுதிவிட்டீர்கள். ஆக, பூனை உங்களுடையதாகிவிட்டது.

வெளியே விடாதீர்கள். இரண்டு மாதம் வேளைக்குத் தின்று பழகியதற்கு நாலு நாள் தெரு நாலு நாளாக இருக்காது. பேருந்தில் கூட்டிப்போகவும் வேண்டாம். நாய் மனிதரோடு போகும், பூனை இடத்தோடு ஒட்டும். உங்கள் ஊர் வீட்டில் முதல் வெடிக்கே கூரை ஏறிக் காணாமல் போகும். நமக்கு அதிகம் போனால் வினாடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும், பூனைக்கு 60,000-க்கு மேலும் கேட்கும். எலிக்குஞ்சு கீச்சிடுவதைச் சுவருக்குள்ளிருந்து கேட்கிற காது அது. வீட்டிலேயே இருக்கட்டும். நம்பிக்கையான பக்கத்து வீட்டாரிடம் சாவி கொடுங்கள், காலையும் மாலையும் வந்து தீனி, தண்ணீர், மணல் தட்டு மூன்றையும் பார்க்க வேண்டும். நாலு நாள் தீனியை ஒரே தட்டில் கொட்டிவைத்துவிட்டுப் போகக் கூடாது. அது சாப்பிடாமல் இருந்தால் யாருக்காவது தெரிய வேண்டும். ஒருநாளுக்கு மேல் பூனை சாப்பிடவில்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மறுபடியும் மாணவியின் தாய், அத்திபெலே

கே: மாமியார் பொங்கலுக்கு ஊருக்கு வரவில்லை என்கிறார். மூட்டுவலியாம். போன வாரம் வரை மூட்டுவலி இல்லை. பூனை இப்போதெல்லாம் அவர் கட்டிலுக்கு அடியில்தான் படுக்கிறது. நான் என்ன செய்ய?

ப: ஒன்றும் கேட்காதீர்கள். மூட்டுவலி என்றே இருக்கட்டும். தீனி டப்பாவை அவர் குனியாமல் எடுக்கும் உயரத்தில் வையுங்கள். மணல் தட்டுக்கு மட்டும் பக்கத்து வீட்டுப் பெண்ணைச் சொல்லி வையுங்கள். சங்கராந்தி மாலை தெருவில் மாடுகளை நெருப்புத் தாண்டவைக்கும் நேரத்தில் சன்னலும் கதவும் சாத்தியிருக்கட்டும். கிளம்பும்போது பால் பாத்திரத்தை மேல் தட்டுக்கு மாற்றிவிட்டுப் போங்கள்.